நடு இரவில் நாய்க்கு ஒபரேஷன்: கொழும்பு மிருக வைத்தியசாலைகளும் அவை போடும் பில்லும்

கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் இரவில் திறந்திருக்கும் தனியார் மிருக வைத்தியசாலைகளின் கைவேலையில் நாங்கள் பெரிதாகக் குறை காணவில்லை. எக்ஸ்ரே, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே இடத்தில் முடியும். உயிர் ஊசலாடும் நாயை வரிசையில் காக்க வைப்பதும் இல்லை. குறை பில் போடும் முறையில்தான். 'இவ்வளவு வரும்' என்று வாயால் ஒரு தொகை சொல்வார்கள். பல இடங்களில் அது ஒபரேஷனுக்கு மட்டும். இரவு நேர மேலதிகக் கட்டணம், ஒவ்வொரு எக்ஸ்ரே படத்துக்கும் தனிக் காசு, நாயின் நிறையைப் பொறுத்த மயக்க மருந்து, சேலைன், ஊசி, வார்ட்டில் ஒவ்வொரு நாளும், தையலைக் கடிக்காமல் தடுக்கும் கழுத்துக் கொலர், தையல் பிரிக்கும் நாள் என்று மீதி எல்லாம் பின்னால் வந்து சேரும்.

ஆகவே கையெழுத்து வைக்குமுன் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள், அதுவும் மூன்றாகப் பிரித்து: மேசையில் ஏற்றுமுன் ஆகும் செலவு, ஒபரேஷன், அதற்குப் பிந்திய வார்ட். 'இந்தத் தொகையைத் தாண்டப் போனால் முதலில் எங்களுக்கு அழையுங்கள்' என்ற ஒரு வரியையும் படிவத்திலேயே எழுதச் சொல்லலாம். நல்ல வைத்தியர் யாரும் இதற்குக் கோபிப்பதில்லை. படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் வாசித்து விளக்கக் கேளுங்கள். மயக்கத்தில் நாய் இறந்தாலும் பில் கட்ட வேண்டும் என்ற வரி அதில் இருக்கக்கூடும். பதற்றத்தில் அதைப் பார்க்காமல் கையெழுத்து வைத்துவிட்டுப் பிறகு மனம் உடைந்து நிற்பவர்கள் பலர்.

அடுத்த கேள்வி: இன்றிரவே வெட்டத்தான் வேண்டுமா? வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் நிற்கும் ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற ஆழ்ந்த நெஞ்சுள்ள பெரிய நாய்க்கு இரைப்பை முறுக்கியிருக்கலாம். அங்கே விலை விசாரித்துத் திரிய நேரம் இல்லை, அருகில் உள்ள இடத்துக்கே ஓடுங்கள். கர்ப்பப்பை எடுக்காத பெட்டை, ஹீட் முடிந்து சில வாரங்களில் நிறையத் தண்ணீர் குடித்து, சாப்பாட்டை விட்டுச் சுருண்டு படுத்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். சீழ் வெளியே வராத வகைதான் கூடுதல் ஆபத்து. விழுங்கிய சோளப்பொத்தித் தண்டு எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாமல் போகும், ஸ்கேன் கேளுங்கள். இரைப்பையில் இருக்கும்போதே எடுத்தால் ஒரு வெட்டு, ஒரு தையல். குடலில் இறுகி அந்த இடத்துக் குடல் கறுத்துவிட்டால் அந்தக் குடல் பகுதியையே வெட்டி எடுத்து இணைக்க வேண்டும். அந்த இணைப்பு கசிவதானால் பெரும்பாலும் 3 முதல் 5 நாட்களுக்குள் கசியும், அப்போது இரண்டாவது ஒபரேஷன். இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்பது இங்கே பெருஞ்செலவில் முடியும்.

வாகனம் மோதிக் கால் முறிந்த கதை வேறு. அன்றிரவு தேவை வலி நிவாரணி, சேலைன், நெஞ்சு எக்ஸ்ரே. மூச்சும் சிறுநீரும் சீராக இருந்தால் எலும்பைப் பொருத்துவது சில நாள் பொறுக்கும். அந்த இடைவெளியில் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையை அழைத்து விசாரிக்கலாம். இடுப்பெலும்பு முறிவுகள் சில, கூட்டில் அடைத்து வைத்த ஓய்விலேயே பொருந்திவிடும்.

காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: ஒபரேஷனுக்கு முந்திய இரத்தப் பரிசோதனை. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். வெளியில் சுகமாய்த் தெரியும் நாயிலும் இரத்தத்தை உறைய வைக்கும் தட்டுகள் குறைந்திருக்கலாம், அப்படியானால் வெட்டும்போது இரத்தம் எளிதில் நிற்காது. இரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் 25 கிலோவுக்கு மேற்பட்ட, தடுப்பூசி போட்ட, ஆரோக்கியமான நாய் ஒன்றைத் தேட வேண்டும். அப்படி நாய் வைத்திருக்கும் நண்பரின் இலக்கத்தை இப்போதே வாங்கி வைப்பது நல்லது. வலி ஊசியையும் வெட்டிவிடாதீர்கள். வலியில் கிடக்கும் நாய் சாப்பிடாது, சாப்பிடாத நாய்க்கு வார்ட் நாள் கூடும்.

குறைக்கக்கூடிய இடம் வார்ட். நாய் தானாகச் சாப்பிட்டு, சிறுநீர் கழித்து, வாந்தி இல்லாமல் இருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று தினமும் காலையில் கேளுங்கள். அன்டிபயோட்டிக் மாத்திரைகளுக்குத் துண்டு எழுதி வாங்கி, ஒசுசலவிலோ வேறு பார்மசியிலோ விலை பார்க்கலாம். வலி மாத்திரையில் மட்டும் சொந்த மூளையைப் பாவிக்காதீர்கள். மனிதருக்கான மெலோக்ஸிகாம் மாத்திரை ஒன்று 7.5 மில்லிகிராம், 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1 மில்லிகிராம்தான். இபுப்ரூஃபன் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கொலரை 10 முதல் 14 நாள் கழற்றவே வேண்டாம். பாவம் என்று ஒரு மணி நேரம் கழற்றினால் போதும், நாய் தையலைக் கடித்துவிடும், மறுபடியும் மயக்கம், மறுபடியும் தையல்.

பணத்துக்கு வருவோம். இரவில் கேட்பது முற்பணம். வங்கி அப்பில் நாளொன்றுக்கு அனுப்பக்கூடிய எல்லையை முன்பே உயர்த்தி வையுங்கள். நகை அடகு காலையில்தான் நடக்கும், அதை மீதித் தொகைக்கு வைத்துக்கொள்ளலாம். கடனட்டைத் தவணைக்குப் பல வங்கிகளில் குறைந்தபட்சத் தொகை உண்டு. தினம் ஒரு சிறு பில்லாகத் தேய்த்தால் ஒன்றும் தவணைக்குச் சேராது, ஆகவே மீதியை டிஸ்சார்ஜ் அன்று ஒரே பில்லாகப் போடச் சொல்லுங்கள். புறப்படும்போது எக்ஸ்ரே, ஸ்கேன், இரத்த அறிக்கைகளின் பிரதி எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். அவை கையில் இல்லாமல் வேறு வைத்தியரிடம் போனால் அதே படங்களுக்கு இன்னொரு முறை காசு கட்ட நேரும்.