லியோ எடிட்டர்: மில் கணக்கும் மரக்கிளையும்

கிளிநொச்சியில் மாமாவின் அரிசி மில்லுக்கு நெல் கொள்முதல் கணக்கு போடும் பைத்தன் நிரல் என் தலையில்தான். ஒரே கோப்பு, இரண்டாயிரத்துச் சொச்சம் வரி. ஈரப்பதத்துக்குக் கழிவு பிடிக்கிற இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். போன காலபோக அறுவடைக்கு முன் அதை அப்படியே லியோவுக்குள் ஏற்றினேன்.

லியோ என்பது எட்வர்ட் ரீம் தொடங்கி வளர்த்த, கோட் எழுதுவதற்கான திறந்த மூல எடிட்டர். எம்ஐடி உரிமம், காசு இல்லை, அதுவும் பைத்தனில் எழுதியதுதான். பைத்தன் நிரல்களை நிறுவும் பிப் (pip) கட்டளை ஒன்றில் நிறுவிவிடலாம், ஆனால் ஜன்னல், பட்டன்களை வரைவதற்காகக் கூடவே வரும் கியூட்டி (Qt) நூலகம் பாரமானது, போன் டேட்டாவில் இறக்குகிறவர்கள் கவனம். திறந்தால் ஒரு பலகத்தில் நிரலின் பகுதிகள் தலைப்புத் தலைப்பாகக் கிளை பிரிந்து நிற்கும் மரம், இன்னொன்றில் தெரிவுசெய்த கிளையின் கோட். கோட் பகுதிகளை மடித்து வைக்கிற வசதி எல்லா எடிட்டரிலும் இருக்கிறதே என்று நானும் நினைத்தேன். அங்கே மடித்தாலும் வரிசை கோப்பின் வரிசைதான். இங்கே கிளைகளை என் இஷ்டத்துக்குக் கட்டலாம், தலைப்பைத் தமிழிலேயே போடலாம். 'ஈரக்கழிவு' என்று ஒரு கிளை, வேலை முடிந்தது.

இதில் உயிர் குளோன்தான். ஒரே கிளை மரத்தில் இரண்டு மூன்று இடங்களில் நிற்கும், எங்கே திருத்தினாலும் எல்லா இடத்திலும் திருந்தும். பில்லில் பிழை என்றால் அதோடு சம்பந்தப்பட்ட ஐந்தாறு கிளைகளைக் குளோன் எடுத்து 'இன்றைய வேலை' என்ற கிளைக்குக் கீழே போட்டுவிடுவேன், மற்றதெல்லாம் கண்ணில் படாது. இதிலேயே வாங்கியும் கட்டினேன். சிறுபோகத்துக்குப் புது விகிதம் போட என்று விலைக் கிளையைக் குளோன் எடுத்து, அது நகல் என்ற நினைப்பில் எண்களை மாற்றிவிட்டேன். கிளைக்குப் பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி நின்றது, நான்தான் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒருவருக்குப் பழைய பில்லைத் திரும்ப அடிக்கும்போது மாமா கூப்பிட்டார்: "என்ன மருமகன், போன போகத்துக் கணக்கு மாறிக் கிடக்கு?"

அடுத்த தலையிடி, கூட்டாக வேலை செய்வது. கிளையின் தலைப்பில் அட்-பைல் (@file) என்று வைத்தால் லியோ மர அமைப்பைக் கோப்புக்குள்ளேயே குறிப்பு வரிகளாக எழுதிவைக்கும். வவுனியாவில் இருக்கிற நண்பன் அதைத் திறந்துவிட்டு, "இதென்ன மச்சான், கோட் முழுக்கக் குப்பை?" என்றான். சரி, அந்தக் குறிப்பு வரிகளை எழுதாத அட்-கிளீனுக்கு (@clean) மாறினேன். கோப்பு சுத்தமாக இருக்கும், அவன் வேறு எடிட்டரில் மாற்றியதையும் லியோ தானாக உரிய கிளைக்குள் சேர்க்கும். இரண்டு கிளைகளின் எல்லையில் புது வரி வந்தால் மட்டும் எந்தப் பக்கம் சேர்ப்பது என்று ஊகிக்கும், அதை நாமே ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிளைக்குள் பைத்தன் எழுதி கன்ட்ரோல்-பி (Ctrl+B) அடித்தால் அது அங்கேயே ஓடும், மரம் முழுவதையும் அதால் படிக்க முடியும். தலைப்பில் 'பாக்கி' என்று இருக்கும் கிளைகளைப் பொறுக்கித் தருவதற்கு எனக்கு ஐந்தாறு வரிதான் தேவைப்பட்டது. மற்றபடி தோற்றம் பழசு, சொற்கள் புதுசு, முதல் வாரம் எரிச்சல் வரும். முந்நூறு வரி எழுதுகிறவருக்கு இது வேண்டாத வேலை.

மில்லில் பில் அடிக்கிற கணினியில் லியோ போடவில்லை. அங்கே போவது வெறும் பைத்தன் கோப்புதான், மாமாவுக்கு மரமும் தெரியாது கிளையும் தெரியாது.