மாத்திரை பேரைக் கத்திச் சொல்லாத மெடிக்கல், கோரிப்பாளையம்

மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வெளிய பனகல் ரோட்டுல மெடிக்கலுக்கா பஞ்சம், ஆனா நான் சொல்றது டீக்கடைய ஒட்டுன சந்துக்குள்ள இருக்குற சின்னக் கடை, போர்டு கூட பாதி அழிஞ்சு கெடக்கும். நான் பைபோலாருக்கு (மனநிலை ரொம்ப ஏறி எறங்குற நோய்) லித்தியம் மாத்திரை சாப்பிடுற ஆளு. முன்னாடி எங்க ஏரியாலயே ஒரு கடைல வாங்குனேன், சீட்ட நீட்டுனா கவுண்டர் பையன் உள்ள திரும்பி "அண்ணே, இந்த மென்டல் மாத்திரை இருக்கா"ன்னு ஒரு சத்தம் குடுப்பான், பக்கத்துல கொழந்தைக்கு டானிக் வாங்க வந்தவரு நம்மள ஏற எறங்கப் பாப்பாரு, அன்னைக்குப் பொழுது போச்சு.

இங்க இருக்குற அக்கா சீட்ட ஒரு தடவ முழுசா படிக்கும், அட்டைய எடுத்து எம்ஜி எழுதிருக்குற எடத்துல வெரல வச்சு நம்ம கிட்ட காட்டும், காக்கிக் கவர்ல போட்டுத் தரும், அவ்ளோதான். அட்டைய வெட்டித் தந்தா எக்ஸ்பைரி தேதிய கவர் மேல பேனால எழுதிரும், இத வேற எங்கயும் நான் பாத்ததில்ல.

போன கோடைல முட்டி வலின்னு டைக்ளோபினாக் கேட்டேன். "தம்பி, நீங்க லித்தியம் போடுறவரு தான, இதையும் போட்டா கிட்னி வழியா அது சரியா வெளியேறாது, ரத்தத்துல ஏறிரும், டாக்டர கேக்காம தரமாட்டேன்"னுருச்சு. ஐபுப்ரோஃபெனும் அப்படித்தானாம். டாக்டரும் அதையே சொன்னாரு, மே மாச வெயில்ல வேர்த்துக் கொட்டி ஒடம்புல தண்ணி, உப்பு கொறஞ்சாலும் லித்தியம் ஏறுமாம், கை ரொம்ப நடுங்குனா, வாந்தி, தள்ளாட்டம் வந்தா ஒடனே ஆஸ்பத்திரிக்கு வந்துருன்னாரு. ரத்தத்துல லித்தியம் எவ்ளோ இருக்குன்னு பாக்குற லெவல் டெஸ்டுக்கு ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு, காலை மாத்திரைக்கு முன்னாடி ரத்தம் குடுக்கணும், அதையும் அக்கா தான் ஞாபகப்படுத்தும்.

கொறையும் இருக்கு. எஸ்ஆர் மாத்திரை (மெதுவாக் கரையிற லித்தியம்) அடிக்கடி ஸ்டாக் இருக்காது, அதுக்குப் பதிலா சாதா மாத்திரைய தானா மாத்தியும் தராது (அது சரிதான், ஆனா அலையிறது நாமல்ல). பழைய சீட்டு செல்லாது, எவ்ளோ கெஞ்சுனாலும். டிஸ்கவுண்ட்னு வாயத் தொறக்காதீங்க, காசு முடியாதவங்க பெரியாஸ்பத்திரி மனநல ஓபில சீட்டுப் போட்டு இலவசமாவே வாங்கலாம், வெள்ளனா போயி வரிசைல நிக்கணும், அவ்ளோதான்.

நாலு ஸ்டார். வண்டி நிறுத்த எடம் கெடையாது. சித்திரைத் திருவிழால அழகர் ஆத்துல எறங்குறப்ப கோரிப்பாளையம் பக்கம் வண்டியே நகராது, அந்த வாரத்துக்கு வேண்டியத முன்னாடியே வாங்கி வச்சுக்கங்க.