பேதுரு முதலா, அந்திரேயா முதலா?

கலிலேயாவில் கூடப்பிறந்த இரண்டு மீனவர்கள். இயேசுவின் பன்னிரு சீடர்களில் 'முதல்வர்' என்ற பெயர் இருவருக்குமே உண்டு.

பன்னிருவரின் பெயர்களைச் சொல்லும்போது மத்தேயு, சீமோன் பேதுருவையே 'முதலாவது' என்கிறார். சீடர்கள்மேல் தூய ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து பேசியதும் அவர்தான். போப்பின் தலைமைக்கு ரோம் திருச்சபை காட்டும் அடித்தளமும் அவரே. சரி, இது பொறுப்பால் வந்த முதலிடம்.

அந்திரேயாவுக்கு வந்தது நேரத்தால். யோவான் நற்செய்தியில், இயேசுவின் பின்னே முதலில் போன இருவரில் அவர் ஒருவர். கிழக்குத் திருச்சபை அவரை 'முதலில் அழைக்கப்பட்டவர்' என்றே போற்றுகிறது. அந்த முதலிடத்தை வைத்து அவர் என்ன செய்தார் என்பதுதான் என்னை இழுக்கிறது. நேரே போய்ச் சகோதரன் சீமோன் பேதுருவைத் தேடி இயேசுவிடம் கூட்டி வந்தார். அப்புறம், ஐயாயிரம் பேர் கூடியிருந்த இடத்தில், ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த சிறுவனைக் காட்டினார். முதல்வனாக விரும்புகிறவன் எல்லாருக்கும் கடையனாகட்டும் என்று மாற்கு நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னதற்குப் பக்கத்தில் நிற்பவர், என் பார்வையில், அந்திரேயாதான்.

அந்திரேயாவுடையது எனப் போற்றப்படும் தலை எலும்பு 1462-இல் ரோமுக்குப் போனது. 1964-இல் போப் ஆறாம் பவுல் அதை, முன்பு அது இருந்த கிரேக்கத்தின் பத்ராஸ் நகருக்கே திருப்பி அனுப்பினார்.