தொடர் முழுக்கவா, ஓர் அத்தியாயமா?

காமிக்ஸ் தொடருக்கு அழைத்துவரும் மூத்த குணச்சித்திர நடிகரைத் தொடர் நெடுக வைத்திருப்பதா, ஓர் அத்தியாயத்தோடு அனுப்பிவிடுவதா? நெட்ஃபிளிக்ஸில் 2015இல் வந்த ‘டேர்டெவில்’ முதல் பருவம் இரண்டையும் செய்து பார்த்தது.

வில்லன் வில்சன் ஃபிஸ்க்காக வின்சென்ட் டி’ஒனோஃப்ரியோ. மூன்றாம் அத்தியாயத்தின் கடைசியில்தான் முகம் காட்டுகிறார். வெறும் வெள்ளை ஓவியம் ஒன்றின் முன் நின்று, அது தன்னைத் தனிமையாக உணரவைப்பதாகச் சொல்கிறார். ஒவ்வொரு சொல்லும் தொண்டையில் சிக்கி வெளிவருகிறது. அடுத்த அத்தியாயத்திலேயே ஒருவனின் தலையைக் கார் கதவில் வைத்து நசுக்குகிறார். அந்தக் கூச்சமும் இந்த வெறியும் ஒரே உடம்பில் குடியிருப்பதை நம்பவைக்க 13 அத்தியாயங்கள் தேவைப்பட்டன. வேறு வழியில் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நாயகன் மாட் மர்டாக்கைச் சிறுவயதில் பயிற்றுவித்த பார்வையற்ற ஆசான் ஸ்டிக்காக ஸ்காட் கிளென். அந்தப் பருவத்தில் ஏழாம் அத்தியாயம் மட்டுமே. இங்கே கதாபாத்திரத்தை வளர்க்க நேரமில்லை. நடிகரின் வரிவிழுந்த முகமே கடந்த காலத்தைச் சொல்லிவிட வேண்டும், சொல்கிறது. சிக்கனமான வழி, ஆனால் எழுத்து சற்றுப் பிசகினாலும் நடிகர் வீண்.

என் ஓட்டு ஃபிஸ்க்குக்குத்தான். ஆனாலும் ஐஸ்கிரீம் காகிதத்தில் சிறுவன் மாட் செய்துதந்த காப்பை ஸ்டிக் கசக்கிவிட்டுப் போகும் காட்சி இன்னும் மனதைப் பிசைகிறது.