அலுமினியமும் செம்பும்: லேசரா, துத்தநாகக் கம்பியா, லொக்ரிங்கா?

கையடக்க லேசர் வெல்டிங் மெஷின் விளம்பரங்களைப் பார்க்கும் பிரிட்ஜ், ஏசி திருத்துபவர்களுக்கு ஒரு ஆசை வருகிறது: அலுமினியக் குழாயையும் செம்புக் குழாயையும் இதால் ஒட்டிவிட்டால் என்ன? ஆசை நியாயம்தான். ஆனால் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் கல்லடி, காத்தான்குடி, கல்முனைப் பக்கத்துத் திருத்த வேலைக்கு, உருக்கி ஒட்டும் துத்தநாகக் கம்பிக்கும், நெருப்பில்லாமல் குழாய்களை இறுக்கி இணைக்கும் லொக்ரிங் என்ற உலோக வளையத்துக்கும் பின்னால், லேசரை நான் மூன்றாம் இடத்தில்தான் வைப்பேன்.

இரண்டு உலோகமும் உருகிக் கலப்பதுதான் வம்பே. அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். செம்புக்கு 1085 வேண்டும். இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் 548 பாகையிலேயே அந்த இடம் இளகத் தொடங்கிவிடும். கலந்த இடத்தில் உருவாகும் சேர்மங்கள் கண்ணாடி போல நொறுங்கும், மின்தடையும் அதிகம். அந்தப் படை சில மைக்ரோமீட்டரைத் தாண்டித் தடித்தாலே ஒட்டு பலவீனம்தான்.

லேசரின் கெட்டித்தனம், சூட்டைச் சின்ன இடத்தில் கண நேரம் மட்டும் கொடுப்பது. கலப்பு குறையும். ஆனால் சாதாரண ஃபைபர் லேசரின் அகச்சிவப்புக் கதிரில் பெரும்பங்கைப் பளபளப்பான செம்பு திருப்பி அனுப்பிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் விழித்திரைக்கே ஆபத்து. பச்சை, நீல லேசர்களைச் செம்பு நன்றாக உறிஞ்சும். ஆனால் அவை சின்னக் கடை வாங்குகிற சாமான் இல்லை. லிதியம் பற்றரித் தொழிற்சாலையில் கதை வேறு. பை வடிவ செல்லில் நேர்முனை அலுமினியம், எதிர்முனை செம்பு. தொடராக இணைக்க இரண்டையும் ஒட்டியே ஆக வேண்டும். மெல்லிய தகடு, ஒரே வேலை ஆயிரம் தடவை: அங்கே லேசரும், உருக்காமலே அதிர்வால் ஒட்டும் அல்ட்ராசொனிக்கும்தான் போட்டி.

குழாய்க்கு வருவோம். செம்புக்குச் செம்பு ஒட்டும் வழக்கமான பொஸ்பரஸ் கம்பி இங்கே சரிவராது. அது ஓடுகிற சூட்டில் அலுமினியம் இருக்காது. துத்தநாகமும் அலுமினியமும் கலந்த கம்பி ஏறத்தாழ 480 பாகைக்குள் உருகிவிடும், அதாவது அந்த 548ஐத் தொடாமலே வேலை முடியும். கை பழகத்தான் வேண்டும். செம்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் பகல் வெளிச்சத்தில் நிறம் காட்டாமலே திடீரெனச் சரிந்துவிடும். அதனால் சுவாலையைச் செம்புப் பக்கம் பிடியுங்கள். கம்பி உருக வேண்டியது குழாயின் சூட்டில், நெருப்பில் அல்ல.

புது பிரிட்ஜ்கள் பலவற்றில் குளிரூட்டும் வாயு R600a, அதாவது ஐசோபியூட்டேன். அது தீப்பிடிக்கும். அதற்கு என் ஓட்டு லொக்ரிங்குக்குத்தான். நெருப்பே இல்லை, வளையத்தைக் கைக்கருவியால் நசுக்கி ஏற்றினால் சரி. வளையத்துக்குக் காசு கொஞ்சம் கூட, குழாய் அளவும் பிசகக்கூடாது. வளையத்தை ஏற்றும் முன் குழாய் முனையை மண்கடதாசியால் சுற்றிவரத் தேயுங்கள். நீளவாக்கில் விழும் ஒரு கீறல் வழியே வாயு மெல்லக் கசியும்.

எந்த வழியைத் தெரிவு செய்தாலும் வாவிக்கும் கடலுக்கும் நடுவே உப்புக்காற்று சும்மா விடாது. ஈரம் பட்டால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். ஒட்டருகே வெள்ளைத் தூள் பூக்கும். பலர் அலுமினியப் பக்கத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்துவிட்டு விடுகிறார்கள். அதில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால், அரிப்பு முழுவதும் அந்தப் புள்ளியிலேயே குவிந்து குழாயை ஓட்டையாக்கிவிடும். செம்புப் பக்கத்தையும் சேர்த்து, உள்ளே பசை உள்ள, சூடாக்கினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாயால் மூடிவிடுங்கள்.