குழந்தையின் படம் முதலில் வந்தால் உஷார்: வெளிநாட்டுத் தத்தெடுப்பில் குடும்பங்கள் ஏமாறும் இடங்கள்

வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தை, அளவு பெரிதான ஸ்வெட்டர், கேமராவை நேராகப் பார்க்கும் கண்கள். கீழே நாலு வரி: "அப்பா அம்மா இல்லை. ஆரோக்கியமான குழந்தை. இன்னொரு குடும்பமும் கேட்டிருக்கிறது. நாளைக்குள் முன்பணம் அனுப்பினால் உங்கள் பெயரில் நிறுத்தி வைக்கிறோம்." படத்தைப் பார்த்த நிமிடமே அந்த வீட்டில் இரண்டு பேர் அம்மா அப்பாவாகிவிடுகிறார்கள். அதன் பிறகு பணத்தைப் பற்றியோ காகிதத்தைப் பற்றியோ கேள்வி கேட்பதே குழந்தைக்குச் செய்யும் துரோகம் போல மனசுக்குப் படும். தரகர் படத்தை முதலில் அனுப்புவது அதற்காகத்தான். அதே படத்தை அதே நாளில் மூன்று குடும்பங்களுக்கு அனுப்பி, மூன்று பேரிடமும் முன்பணம் வாங்குவதும் நடக்கிறது.

முறையான தத்தெடுப்புக்கு ஒரு வரிசை இருக்கிறது. 1993-ம் ஆண்டின் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் 100-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. அதன்படி முதலில் உங்கள் நாட்டு அதிகார அமைப்பு உங்கள் குடும்பத்தை ஆய்வு செய்து தகுதிச் சான்று தர வேண்டும். குழந்தையின் நாடு, அந்தக் குழந்தை தத்துக்கு உரியதுதானா, உள்நாட்டிலேயே குடும்பம் கிடைக்குமா என்று பார்த்து முடித்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் குழந்தையைப் பற்றிய அறிக்கை உங்களுக்கு வரும். குழந்தை உங்கள் நாட்டுக்குள் நுழைந்து நிரந்தரமாகத் தங்க அனுமதி உண்டு என்று உங்கள் நாடு முடிவு செய்து, இரண்டு நாடுகளும் சம்மதித்த பிறகே குழந்தை உங்கள் கைக்கு வர முடியும். ஏமாற்று நடக்கும் ஃபைல் எதை எடுத்துப் பார்த்தாலும் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். முதலில் படம், அடுத்து பணம், அடுத்து விமான டிக்கெட், எல்லாவற்றுக்கும் கடைசியில் காகிதம்.

உடன்படிக்கையில் இன்னும் மூன்று விஷயங்களை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். தாயின் சம்மதம் குழந்தை பிறந்த பிறகு கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். வயிற்றில் இருக்கும் குழந்தையை "புக்" செய்து தருகிறேன் என்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். சம்மதம், தகுதி எல்லாம் உறுதியாகும் முன் பெற்றோரையோ குழந்தையை வைத்திருப்பவரையோ நீங்கள் சந்திக்கக் கூடாது. உறவுக்குள் தத்தெடுப்பதும், உரிய அதிகாரி அனுமதிக்கும் சந்திப்பும்தான் விலக்கு. உண்மையான செலவும் நியாயமான தொழில்முறைக் கட்டணமும் தவிர யாரும் இதில் லாபம் பார்க்கக் கூடாது. "தாய்க்குக் கொஞ்சம் உதவி" என்று ஒரு தொகையை உங்களிடம் கேட்டால், குழந்தைக்கு விலை பேசப்படுகிறது என்று பொருள். நீங்கள் நல்ல மனசோடு கொடுத்தாலும் நாளை விசா அதிகாரியின் மேசையில் அது குழந்தை வாங்கியதற்கான சாட்சியாக நிற்கும்.

அடுத்தது காகிதங்கள். பெரும்பாலான குடும்பங்கள் மொழிபெயர்ப்பை மட்டும் படிக்கின்றன. மூலத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மூன்று வெவ்வேறு ஊர்க் குழந்தைகள் கைவிடப்பட்டதாகச் சொல்லும் அறிக்கைகள் ஒரே கையெழுத்தில், ஒரே மையில், அடுத்தடுத்த வரிசை எண்ணோடு இருந்தால் அவை ஒரே நாளில் ஒரே மேசையில் எழுதப்பட்டவை. பிறப்புச் சான்றிதழ் எப்போது பதிவானது என்று தேதியைப் பாருங்கள். குழந்தை பிறந்து மூன்று வருடம் கழித்து, தத்து மனு போடுவதற்கு இரண்டு வாரம் முன்பு பதிவாகியிருந்தால் காரணம் கேளுங்கள். தாமதப் பதிவு சில நாடுகளில் சகஜம்தான், ஆனால் எதை வைத்துப் பதிந்தார்கள் என்று சொல்ல முடிய வேண்டும். உடன்பிறந்தவர்கள் என்று இரண்டு குழந்தைகளைக் காட்டினால் இரண்டு பிறந்த தேதிகளையும் கழித்துப் பாருங்கள். ஐந்து மாத இடைவெளியில் ஒரே தாய்க்கு இரண்டு குழந்தைகள் பிறக்க மாட்டார்கள்.

"சாலையோரம் கண்டெடுக்கப்பட்டது, பெற்றோர் தெரியாது" என்ற ஒற்றை வரியை நம்பி நாடுகளே ஏமாந்திருக்கின்றன. நேபாளத்தில் கைவிடப்பட்டதாகச் சொல்லப்பட்ட குழந்தைகளின் ஆவணங்களை நம்ப முடியவில்லை என்று 2010-ல் அமெரிக்கா அந்த வகைத் தத்தெடுப்பை நிறுத்தியது. தென்கொரியாவின் உண்மை அறியும் ஆணையம் 2025-ல் வெளியிட்ட முடிவுகளில், பெற்றோர் இருந்த குழந்தைகளே அநாதை என்று பதியப்பட்டு வெளிநாடு அனுப்பப்பட்டதாகச் சொன்னது. 2007-ல் சாட் நாட்டிலிருந்து 103 குழந்தைகளை, பக்கத்து நாடான சூடானின் டார்ஃபூர் பகுதி அநாதைகள் என்று சொல்லி, பிரான்சுக்குக் கொண்டுபோக ஒரு குழு முயன்றது. பிரான்சில் விமான நிலையத்தில் பிரெஞ்சுக் குடும்பங்கள் காத்துக்கொண்டிருந்தன. விசாரித்தபோது பெரும்பாலான குழந்தைகளுக்குக் குடும்பம் இருந்தது. காத்திருந்த பிரெஞ்சுக் குடும்பங்களும் நல்லெண்ணத்தோடுதான் பணம் கொடுத்திருந்தன.

ஆகவே கண்டெடுத்த கதை வந்தால் கேட்க வேண்டியவை: யார் கண்டெடுத்தார், போலீஸ் பதிவு எண் என்ன, பெற்றோரைத் தேடி அறிவிப்பு கொடுத்தார்களா, கொடுத்த நகல் எங்கே, சட்டப்படி எத்தனை நாள் காத்திருந்தார்கள். இதற்குத் தரகர் "அங்கெல்லாம் அப்படித்தான்" என்று பதில் சொன்னால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு விலகுங்கள்.

மருத்துவ அறிக்கையில் "நார்மல்" என்ற சொல்லுக்கு மதிப்பே இல்லை. எடை, உயரம், தலைச் சுற்றளவு மூன்றும், குறைந்தது இரண்டு வெவ்வேறு தேதிகளில் எடுத்தவை, கையில் வேண்டும். அவற்றை உங்கள் குழந்தை மருத்துவரிடம் கொடுத்து வளர்ச்சி வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். காப்பகத்தில் கழியும் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் உயர வளர்ச்சியில் ஏறத்தாழ ஒரு மாதம் பின்தங்கும் என்பது மருத்துவர்கள் போடும் கணக்கு. அந்த அளவு குறைவு பயப்பட வேண்டியதில்லை. தலைச் சுற்றளவு வளராமல் நிற்பதுதான் விசாரிக்க வேண்டிய அடையாளம். நான்கு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு அறிக்கைகளில் எடை புள்ளி மாறாமல் இருந்தால், இரண்டாவது முறை குழந்தையை எடைக்கருவியில் வைக்கவே இல்லாமல் இருக்கலாம். தடுப்பூசி அட்டையையும் அப்படியே நம்ப வேண்டாம். ஊர் திரும்பியதும் ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, காசநோய்ப் பரிசோதனைகளை மறுபடி எடுத்து, ஆறு மாதம் கழித்து இன்னொரு முறையும் எடுப்பது வழக்கம். நோய் இருப்பது குழந்தையை மறுக்கக் காரணம் ஆகாது, மறைத்ததுதான் மோசடி. முன்பே தெரிந்திருந்தால் மருந்தோடு போயிருப்பீர்கள்.

இனி பயணம். "பத்து நாளில் முடிந்துவிடும்" என்று சொல்லி வரவழைப்பார்கள். போன மூன்றாம் நாள் நீதிபதி விடுப்பு, ஐந்தாம் நாள் ஃபைலில் ஒரு முத்திரை குறைவு. ஓட்டல் அறையில் குழந்தை உங்கள் மடியில் தூங்கிக்கொண்டிருக்கும். கதவைத் தட்டி உள்ளே வரும் உள்ளூர் உதவியாளர் உட்காராமல் நின்றபடியே தொகையைச் சொல்வார்: "இன்று மாலைக்குள், ரொக்கமாக, உறையில் போட்டு. இல்லையென்றால் குழந்தையைக் காப்பகத்தில் திருப்பி விட வேண்டியிருக்கும்." இந்த மிரட்டல் பலிக்க வேண்டும் என்பதற்காகவே தீர்ப்பு வரும் முன் குழந்தையை உங்களிடம் கொடுத்துவைப்பார்கள். எத்தனையோ பேர் அந்த இடத்தில் உறையை நீட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தப்பிக்க ஒரே வழி புறப்படும் முன்பே இருக்கிறது. நீதிமன்றத் தேதி எழுத்தில், வழக்கு எண்ணோடு, கைக்கு வராமல் டிக்கெட் போடாதீர்கள். திரும்பும் டிக்கெட் தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். சொன்ன நாட்களுக்கு இரண்டு மடங்கு விடுப்பும் செலவுக்காசும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தூதரகத்தின் தத்தெடுப்பு விசாப் பிரிவுக்கு, புறப்படும் முன்பே, ஏஜென்சி வழியாக அல்லாமல் நீங்களே எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் ஏஜென்சியின் ஆள் என்றால் அவர் ஏஜென்சிக்குத் தேவையானதை மட்டும்தான் மொழிபெயர்ப்பார். ஒரு நாளுக்காவது தனியாக ஒருவரை அமர்த்துங்கள். பேசத் தெரிந்த வயதுக் குழந்தையிடம், காப்பக ஆட்கள் இல்லாத இடத்தில், சாதாரணமாகக் கேட்கச் சொல்லுங்கள்: இங்கே வரும் முன் யார் சோறு ஊட்டினார்கள், யார் பக்கத்தில் தூங்குவாய், எங்கே போகப்போகிறாய் என்று உனக்குச் சொன்னார்கள்? "படிக்கப் போகிறேன், பிறகு அம்மாவிடம் வந்துவிடுவேன்" என்று ஒரு குழந்தை சொன்னால் அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். பெற்றோரிடம் "வெளிநாட்டில் படிக்க வைத்து அனுப்புவார்கள்" என்று சொல்லிக் கைநாட்டு வாங்குவது இந்தத் தொழிலில் மிகப் பழைய தந்திரம். நடந்துகொண்டிருக்கும் தத்தெடுப்பை நிறுத்துவது நெஞ்சை அறுக்கும் வேலை என்பது தெரியும். அங்கே ஒரு தாய் குழந்தை திரும்பி வரும் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கலாம்.

தீர்ப்பு கைக்கு வந்ததும் முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் அடுத்த பள்ளம். அந்தத் தீர்ப்பு முழுத் தத்தெடுப்பா, வெறும் பாதுகாவலர் உரிமையா என்று உங்கள் நாட்டு வழக்கறிஞரிடம் கேளுங்கள். இஸ்லாமியச் சட்டப்படி குழந்தையைப் பொறுப்பேற்கும் கஃபாலா முறை உள்ள நாடுகளில் கிடைப்பது பாதுகாப்பு உரிமை. பிள்ளை என்ற சட்ட உறவு அதில் உண்டாகாது. அதைத் "தத்து" என்றே மொழிபெயர்த்து விற்கிறார்கள், விசா மேசையில்தான் உண்மை தெரிகிறது. ஹேக் நாடு என்றால் உடன்படிக்கைப்படி தத்தெடுப்பு நடந்தது என்ற 23-ம் பிரிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். தீர்ப்பு, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அலுவலகக் கவுன்டரிலேயே நின்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பல வாரம் போகும்.

நாடே கதவை மூடும் சம்பவங்களும் உண்டு. காங்கோ ஜனநாயகக் குடியரசு 2013 செப்டம்பரில் குழந்தைகளுக்கு வெளியேறும் அனுமதி தருவதை நிறுத்தியது. தீர்ப்பு கையில் இருந்த பல குடும்பங்கள் 2016 வரை காத்திருந்தன. எத்தியோப்பியா 2018-ல் வெளிநாட்டுத் தத்தெடுப்பைத் தடை செய்தது. சீனா 2024-ல் உறவினர் தத்தெடுப்பு தவிர மற்றதை முடித்துக்கொண்டபோது, குழந்தை முடிவாகிக் காத்திருந்தவர்களும் நடுவில் நின்றார்கள். இது யார் செய்த மோசடியும் இல்லை. ஆனால் "அந்த நாடு மூடப்போகிறது, சீக்கிரம் பணம் கட்டுங்கள்" என்று அவசரப்படுத்துவது மோசடி. ஒப்பந்தத்தில் நாடு மூடினால் எவ்வளவு திரும்பும், குழந்தை தத்துக்கு உரியதில்லை என்று தெரிந்தால் எவ்வளவு திரும்பும் என்று தனித்தனி வரியாக இருக்க வேண்டும். "வெளிநாட்டுச் செலவு" என்று மொத்தமாக ஒரே தொகை போட்டிருந்தால் வழக்கறிஞர், மொழிபெயர்ப்பு, காப்பகம், மருத்துவம் என்று பிரித்துக் கேளுங்கள். எல்லாப் பணமும் வங்கி வழியாக, ஏஜென்சியின் பெயருக்கு மட்டும். தனிநபர் கணக்கு எண் வந்தால் அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் தரகரோடு சண்டைக்குப் போக வேண்டாம். சண்டை தொடங்கிய அன்றே அவர் பக்கத்து ஆவணங்கள் காணாமல் போகும். வாட்ஸ்அப் உரையாடல்களை ஏற்றுமதி செய்து வையுங்கள், குரல் பதிவுகளோடு. ரொக்கம் கொடுத்திருந்தால் தேதி, இடம், தொகை, யார் கையில் என்று இன்றே எழுதி கணவன் மனைவி இருவரும் கையெழுத்திடுங்கள். பிறகு உங்கள் நாட்டுத் தத்தெடுப்பு அதிகார அமைப்புக்கும், அந்த நாட்டிலுள்ள உங்கள் தூதரகத்துக்கும் ஒரே நேரத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். ஏஜென்சிக்கு அங்கீகாரம் கொடுத்த அமைப்பு தனியாக இருந்தால் அதற்கும் ஒரு நகல். குழந்தை ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்தால், புகார் கொடுத்தால் பிள்ளையைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். அதனால் முதலில் தத்தெடுப்புச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள், அதன் பிறகு எழுதுங்கள். மூல ஆவணங்களை யாரிடமும் விடாதீர்கள், நகலை மட்டும் கொடுங்கள். காப்பகப் பதிவேட்டில் குழந்தை சேர்ந்த பக்கத்தையும் படம் எடுத்து வைத்திருங்கள், பக்க எண் தெரியும்படி. பின்னாளில் பெற்றவர்களைத் தேட நினைக்கும் பிள்ளைக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.