ஒரே அந்தப்புரம், இரண்டு தீர்ப்பு: ‘யான்ஷி’யா, ‘ரூயி’யா?

2018-இல் சில வார இடைவெளியில் இரண்டு சீன அரண்மனைத் தொடர்கள் வெளியாயின. ஐச்சியி தளத்தில் 70 பகுதிகளாக ‘யான்ஷி அரண்மனையின் கதை’, டென்சென்ட் தளத்தில் 87 பகுதிகளாக ‘ரூயி’. இரண்டிலும் சிங் வம்சத்துச் சியன்லோங் பேரரசர்தான். அதே பட்டத்தரசிகள், அதே சக்களத்திகள். ஆனால் ஒன்றில் நல்லவளாக வருபவள் மற்றதில் கொடுமைக்காரி. அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. (கதையின் முக்கியத் திருப்பங்கள் கீழே வருகின்றன.)

முதல் பட்டத்தரசி ஃபுச்சா குலத்துப் பெண். பொன்னையும் மணியையும் ஒதுக்கிப் பூக்களைச் சூடிக்கொண்டவர் என்று வரலாறு சொல்கிறது. யான்ஷியில் சின் லான் நடித்த பட்டத்தரசியின் கூந்தலைக் கவனியுங்கள்: செம்புக் கம்பியில் பட்டு இழையைப் பிடித்துச் செய்த மென்னிறப் பூக்கள். நாஞ்சிங் நகரத்து மரபுக் கைவினை அது. அந்தப் பூக்களைப் பார்த்தாலே அவருடைய குணம் புரிந்துவிடுகிறது. ரூயியிலும் அவர் சிக்கனக்காரர்தான். ஆனால் அங்கே அந்தச் சிக்கனம் மற்றப் பெண்களை இறுக்கும் கயிறு. திருமணமான புதிதில் நாயகி ரூயிக்கு அவர் அன்பாகக் கொடுக்கும் வளையலுக்குள் கருத்தரிக்கவிடாத மருந்து இருக்கிறது. வரலாற்றுக் குறிப்பு ஒன்றுதான். இரண்டு எழுத்தாளர்கள் அதிலிருந்து இரண்டு பெண்களைப் படைத்துவிட்டார்கள்.

வெய் குலத்துப் பெண்ணின் கதையும் இப்படித்தான். பின்னாளில் ஜியாசிங் பேரரசரைப் பெற்ற தாய் இவர். யான்ஷியில் இவர்தான் நாயகி: அக்காவின் சாவுக்குக் காரணம் தேடி, தையல்கூடத்துப் பணிப்பெண்ணாக அரண்மனைக்குள் நுழையும் யிங்லுவோ. ரூயியிலோ காதலனைக் கைவிட்டு, படிப்படியாக மேலேறி, எதிர்ப்பட்டவர்களையெல்லாம் வீழ்த்தும் யான்வான்.

விறுவிறுப்பில் யான்ஷிக்குத்தான் முதலிடம். யிங்லுவோ எந்தக் கடனையும் நாள்கடத்தித் தீர்ப்பதில்லை. அக்காவின் சாவுக்குக் காரணமான முதிய அரசிமீது எல்லோர் முன்னாலும் இடி விழ வைக்கும் காட்சியில் கைதட்டாதவர் குறைவு. யிங்லுவோவாக நடித்த வூ ஜின்யானின் கண்ணில் அந்தத் துணிச்சல் கடைசிவரை மங்கவில்லை.

ரூயி பொறுமையைக் கேட்கும். முதல் சில பகுதிகளில், ரூயியாக நடித்த சோ ஷுனைப் பதின்வயதுப் பெண்ணாக ஏற்பது கடினம். நடுவிலும் இழுவை உண்டு. பொய்ப்பழி சுமந்து குளிர் மாளிகை என்னும் ஒதுக்கிடத்தில் அவள் அடைபட்டுக் கிடக்கும் காலம் நமக்கே மூச்சு முட்டும். அதற்காகத் தொடரை நிறுத்திவிடாதீர்கள். கடைசி முப்பது பகுதிகளுக்காகவே அத்தனையையும் உட்கார்ந்து பார்க்கலாம்.

என் மனத்தில் இரண்டையும் தரம் பிரித்தது ஒரு கூந்தல்தான். இரண்டாம் பட்டத்தரசியான நாரா, 1765-இல் பேரரசரோடு தெற்கே பயணம் போன இடத்தில் தன் கூந்தலைத் தானே வெட்டிக்கொண்டார். சிங் ஆட்சியாளர்களான மஞ்சு இனத்தாரின் வழக்கப்படி கணவனோ மாமியாரோ இறந்தால்தான் மனைவி கூந்தலை வெட்டுவாள். உயிரோடிருக்கும் பேரரசருக்கு அதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை. என்ன நடந்து அவர் கத்தரித்தார் என்பதற்கு வரலாற்றில் தெளிவான விடை இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் இரண்டு தொடர்களும் புகுகின்றன.

யான்ஷியில் நாரா, சூழ்ச்சியிலேயே ஊறிப்போன பெண். எல்லாம் கைமீறிய நேரத்தில், ஆத்திரமும் ஆற்றாமையும் பொங்கி வெட்டுகிறாள். ஷார்மெய்ன் ஷேயின் நடிப்பில் அவள்மேல் இரக்கம் வருகிறது என்றாலும் அது தோற்றுப்போன எதிராளிமீது வரும் இரக்கம். மற்றத் தொடரில் அவளே நாயகி ரூயி. சிறுவயதுத் தோழனாக இருந்தவன் சந்தேகமும் அதிகாரமுமாக மாறிப்போனதை ஆண்டுக்கணக்காகப் பார்த்தவள். எதிரே கணவன் உயிரோடு நிற்க, இறந்துபோன அந்தப் பழைய இளைஞனுக்குத் துக்கம் காக்கிறாள். சோ ஷுன் அங்கே குரலை உயர்த்தவேயில்லை. கத்தரித்த கற்றை கையைவிட்டு நழுவும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

வரலாற்று உண்மையைத் தேடினால் இரண்டுமே ஏமாற்றும். முதல் பட்டத்தரசி 1748-இல் பயணத்தின்போது நோயுற்று இறந்தார். யான்ஷி அவரை மதில்மேலிருந்து குதிக்க வைக்கிறது. ஆனால் நாராவின் முடிவு எந்தக் கற்பனையும் தேவைப்படாத அளவுக்குக் கொடியது. 1766-இல் அவர் இறந்தபோது பேரரசர் தலைநகருக்குத் திரும்பவில்லை. பட்டத்தரசிக்குரிய மரியாதையும் இல்லை, தனிக் கல்லறையும் இல்லை. இன்னொரு துணைவியின் கல்லறையில் ஓர் ஓரமாக வைத்தார்கள். அந்த அநீதிக்கு முகம் கொடுத்தது ரூயிதான். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் அதைத்தான் சொல்வேன்.

இரண்டையும் பார்க்க நேரம் இருப்பவர்கள் யான்ஷியில் தொடங்குங்கள். யான்வானின் கொடுமைகளைப் பார்த்த பிறகு யிங்லுவோவின் சிரிப்பை நம்புவது கடினம்.